இடப்பக்கப் படிக்கட்டு

வகுப்பு முடிந்து தனியாகவா வருகிறாய் என்று அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கேட்பாள். "இல்லம்மா, கூட ஒரு அக்கா வர்றாங்க" என்பேன்.

இதில் வகுப்பு உண்மை. அக்காவும் உண்மை. கூட வருகிறார் என்பதுதான் இடிக்கும். அதுகூட முழுப் பொய் இல்லை. வகுப்பு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை வருவார். உள்ளே நுழைந்ததும் இரண்டு படிக்கட்டுகள். அவர் இடப்பக்கம் இறங்குவார், நான் வலப்பக்கம்.

அவரை வகுப்பில் எல்லோரும் லென்ஸ் அக்கா என்போம். பகலில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார். மாலையில் என்னைப் போலக் கட்டட வரைபடம் கற்க வருகிறார். என் பக்கத்து மேசை. நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன். நாள் முழுக்க ஊரார் பெயரைப் படிக்கிறேன், என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அறைக்குத் திரும்பினால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவர் வழியாகப் பேசும். அதனால் லென்ஸ் அக்காவோடு நடக்கும் அந்தத் தெரு எனக்கு முக்கியம். ஆனால் அது ரொம்பச் சின்னத் தெரு.

வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் படிக்கட்டு அருகே நின்று அவர் கேட்டார்.

"நீயும் என் பக்கமாவே வாயேன். ஆத்தோரமா போற வண்டி. உக்கார இடம் கிடைக்கும், பேசிக்கிட்டே போலாம். நான் பாதியில இறங்கிடுவேன், நீ சந்திப்புல வண்டி மாறிக்கோ."

"முடியாதுக்கா. என் கார்டு மத்திய நிலையம் வழியா மட்டும்தான்."

"யார் சொன்னா?"

மாதக் கட்டணம் கட்டிய ரசீதை எடுத்துக் காட்டினேன். 'வழி: மத்திய நிலையம்' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அவர் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, லென்ஸில் கீறல் தேடுவது போலப் பார்த்தார்.

"கார்டு போற வழியில நீ போறியா, நீ போற வழியில கார்டு வருதா?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். நான் வலப்பக்கம் இறங்கினேன். இரண்டு நடைமேடைகளும் எதிரெதிரே இருக்கும். அங்கிருந்து கையை உயர்த்திக் காட்டினார். நானும் உயர்த்தினேன். நடுவில் அவருடைய வண்டி வந்து நின்றது. அது கிளம்பிப் போனபின் எதிர்ப்பக்கம் வெறும் பெஞ்சு.

மறுநாளே கட்டண ஜன்னலில் விசாரித்தேன். ஜன்னல்காரர் தலை நிமிராமல், "போட்டிருக்கற வழியில போங்களேன், எதுக்கு வம்பு" என்றார். அது விதியா, யோசனையா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை. பின்னால் வரிசை நின்றது.

உண்மையில் எனக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. லென்ஸ் அக்கா மனதாரக் கூப்பிட்டாரா, பேச்சுக்குக் கூப்பிட்டாரா? அதை எந்த ஜன்னலில் கேட்பது? கார்டு செல்லாது என்பது வசதியாக இருந்தது. அவர் அதன்பின் கூப்பிடவில்லை. தினமும் எதிர்மேடையிலிருந்து கை மட்டும் காட்டினார். சில வாரங்களாகப் பின் மேசை பேக்கரி அக்காவும் எங்களோடு நடந்து வந்து, அவரோடு இடப்பக்கம் இறங்கினார். எதிரே இரண்டு கைகள் உயர்ந்தன.

அப்படியே ஓடியிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒன்று கேட்டாள்.

"அந்த அக்காகிட்ட ஒரு நாள் போனைக் குடேன். பெத்தவ மாதிரி கூட்டிட்டு வர்றா. ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"குடுக்கறேன்மா."

"எப்போ?"

"இந்த வாரம்."

போனை வைத்தேன். வகுப்பும் முடியப் போகிறது. பொய்யை உண்மையாக்க ஒரே வழிதான் இருந்தது, அது ஆற்றோர வழி. விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில்வே விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் ரசீதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஏறற இடம், இறங்கற இடம், ரெண்டுக்கும் பணம் கட்டிட்டீங்க. நடுவுல எப்படிப் போனா என்ன? ஆனா அந்த வண்டி வேற கம்பெனி. சந்திப்புல மாறும்போது மேடையில நீலப் பெட்டி இருக்கும், அதுல கார்டை ஒரு தடவை தொடுங்க. தொடலைன்னா இறங்கற இடத்துல கதவு திறக்காது."

"அப்போ வழின்னு போட்டிருக்கே?"

"அது நாங்க கட்டணம் போடறதுக்கு."

"நிச்சயமா போலாமா?"

"இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். கேக்கறீங்களா?"

கேட்கவில்லை. கேட்காமல் வந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

அன்று மாலை படிக்கட்டு அருகே வந்ததும் நானும் இடப்பக்கம் திரும்பினேன்.

"ஏய், வழி தப்பிட்டியா?" என்றார் லென்ஸ் அக்கா.

"இல்லக்கா. கார்டு இந்தப் பக்கமும் செல்லுமாம். விசாரிச்சுட்டேன்."

"இப்பத்தான் மனசு வந்துச்சா உன் கார்டுக்கு?"

பேக்கரி அக்கா, "பரவால்ல, இந்த ரயிலையே நிறுத்திடறதுக்குள்ள விசாரிச்சுட்டா" என்றார். மூவரும் சிரித்தோம்.

வண்டியில் இருவர் இருக்கைகள்தான். அவர்கள் இருவரும் பழக்கமாக ஒன்றில் உட்கார்ந்தார்கள். நான் நடைபாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஜன்னலில் ஆறு தெரிந்தது. கரை விளக்குகள் தண்ணீரில் நெளிந்தன. இதெல்லாம் தினமும் இங்கே நடந்திருக்கிறது.

"அப்புறம் உன் நாத்தனார் என்ன சொன்னா?" என்றார் லென்ஸ் அக்கா.

"அலமாரியைத் திருப்பி அனுப்பிட்டா. சாவி மட்டும் அவகிட்ட."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எந்த அலமாரி?" என்று கேட்டேன்.

"அது பெரிய கதைம்மா. ரொம்ப நாளா ஓடுது. நடுவுல வந்தா தலையும் புரியாது வாலும் புரியாது" என்றார் பேக்கரி அக்கா. குத்தலாகச் சொல்லவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் இறங்கும் நிலையம் நெருங்கியது. பைகளை எடுத்தார்கள். இப்போது விட்டால் அவ்வளவுதான் என்று தோன்றியது.

"அக்கா, எங்கம்மா உங்ககிட்ட பேசணும்னாங்க. நன்றி சொல்லணுமாம்."

"எனக்கா? எதுக்கு?"

"தினம் என்கூட வர்றதுக்கு."

பேக்கரி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. லென்ஸ் அக்கா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து வர்றேன் நான்?"

"ஆரம்பத்துலேர்ந்து."

வண்டி நின்றது. கதவு திறந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்தவர்கள் நெருக்க, இறங்கிவிட்டார். மேடையில் நின்று, எப்போதும் போலக் கையை உயர்த்தினார். கை இறங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

எதிர் இருக்கையில் யாரும் வந்து உட்காரவில்லை. அவர் என்ன சொல்ல வந்திருப்பார் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனேன். சரி என்றா? ஏண்டி இப்படி என்றா? யோசித்தபடியே சந்திப்பில் இறங்கி, யோசித்தபடியே அடுத்த வண்டியில் ஏறி, என் நிலையத்தில் வந்து கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு. கதவு திறக்கவில்லை. அப்போதுதான் நீலப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதைத் தொட வேண்டும் என்று விசாரித்ததிலிருந்து மனப்பாடம் செய்திருந்தேன்.

கதவருகே இருந்த காவலர் வந்து கார்டைத் தன் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"ஆத்தோர வண்டியா? நீலப் பெட்டியில தொடலையே."

"மறந்துட்டேங்க."

"நடுவுல எங்க போனீங்க, எங்க வந்தீங்கன்னு இதுல ஒண்ணும் இல்ல. தனியாவா வந்தீங்க?"

"இல்லைங்க. கூட ரெண்டு பேர் வந்தாங்க."

"எங்க அவங்க?"

"முன்னாடியே இறங்கிட்டாங்க."

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நீண்ட நடைவழியில் யாரும் இல்லை. எதையும் எழுதாமல் தன் அட்டையை வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"நாளைக்கும் அந்தப் பக்கமா வருவீங்களா?"

"வருவேன்" என்றேன்.

"அப்போ தொட்டுட்டு வாங்க."