என் பக்கத்துக் கண்ணாடி

இடமிருந்து வலம், வலமிருந்து இடம், வைப்பர் மழையை வழித்துத் தள்ளுகிறது, தள்ளிய இடத்தில் மழை மறுபடி வந்து உட்கார்கிறது, இல்லை, இது வைப்பர் இல்லை, மனநல சிகிச்சை தரும் யாஸ்மின் என் கண்முன் ஆட்டும் இரண்டு விரல்கள், மதுரையில் ஒரு மாடியறை, தலைய ஆட்டாதீங்க டீச்சர், கண்ணு மட்டும் கூட வரட்டும் என்கிறாள், வகுப்பில் தலையாட்டியே பழகிய எனக்குக் கண்ணை மட்டும் தனியே அனுப்பத் தெரியவில்லை. முதல் வாரங்களில் விரலே கிடையாது, பேச்சுதான், முடியலைன்னா கைய உயர்த்துங்க, நிறுத்திடுறேன் என்றாள், மனம் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் கேட்டாள், பள்ளி நூலகத்தின் ஜன்னலோரப் பெஞ்சைச் சொன்னேன், உங்களப் பத்தி நீங்க நம்புற ஒரு வரி சொல்லுங்க என்றாள், பாறையைப் பார்த்தேன், கத்தவில்லை, அவர் போய்விட்டார் என்றேன், அது ஒரு வரியில்லை என்று அவள் திருத்தவில்லை.

குமுளி மலைப்பாதையில் எங்கள் கார் ஏறிக்கொண்டே இருக்கிறது, மதியழகன் ஓட்டுகிறார், என் கணவர், வளைவுக்கு அப்பால் மழையில் சரிந்த பாறை கிடக்கிறது, எனக்கு உடைந்தது தோள் எலும்பு மட்டும். ஆஸ்பத்திரியில் அவருடைய தங்கை எழிலரசி என் கையைப் பிடித்து, அண்ணன் கடைசியா என்ன மதினி சொன்னாரு என்று கேட்டாள், என் நினைவிலிருந்து அவர் குரலே போயிருந்தது, பிறகு அவள் வாயால் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குப் பயம், இந்த விரல்கள் துடைக்கத் துடைக்க மிச்சமிருக்கும் அவர் முகமும் போய்விட்டால். இது அழிக்கிற வேலை இல்ல டீச்சர், நடந்தது அங்கயேதான் இருக்கும், உங்க மேல ஏறி உக்காந்திருக்கிறது மட்டும் இறங்கும் என்றாள் யாஸ்மின், நான் நம்பவில்லை, ஆனாலும் போனேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், அன்று முழுக்க உடம்பு கனக்கும், கனவில் கார் தண்ணீருக்கடியில் ஓடும், வெளியே காத்திருக்கும் எழில், என்ன மதினி, ரெண்டு வெரலப் பாக்க இம்புட்டு நேரமா, கிளி ஜோசியக்காரன்கூட இதுக்குள்ள மூணு பேர அனுப்பிச்சிருவான் என்பாள், சிரிப்பேன், தலை வலிக்கும்.

இன்று விரல்கள் போகின்றன, வருகின்றன, நிற்கின்றன, மூச்சு விடுங்க, இப்ப என்ன வருது, வளைவு, சரி, அதோடயே போங்க. மறுபடி விரல்கள், காருக்குள் முந்தானையால் கண்ணாடியைத் தேய்க்கிறேன், மழை வெளியில், நான் உள்ளே தேய்க்கிறேன், அவர் பக்கம் வைப்பர் போய் வருகிறது, என் பக்கம் அது மடங்கிக் கிடக்கிறது, எனக்கு முன்னால் வெறும் தண்ணீர், வளைவு இல்லை, பாறை இல்லை, பாறையை நான் பார்த்தது பேப்பரில் வந்த படத்தில், அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல், ஏம்மா போட்டுத் தேய்க்கிற, இதென்ன உன் கரும்பலகையா, அந்தப் பக்கம் ஓடாது, நான் பாத்துக்கிறேன், நீ தூங்கு. கையை உயர்த்தினேன், விரல்கள் நின்றன, யாஸ்மின் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

கீழே மழை, ஆட்டோவில் எழில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள், அன்று காரில் என் பக்கத்து வைப்பர் கெட்டுப்போயிருந்ததா என்று கேட்டேன், ஆமா மதினி, மாத்திட்டுப் போண்ணேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எங்க கேட்டாரு என்றாள், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்னதைச் சொன்னேன், கரும்பலகையையும் விடாமல், அவள் சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறியது, அவள் தோளில் சாய்ந்தேன். ஆட்டோக்காரர் ஒரு கையால் வண்டியை ஓட்டியபடி மறுகையால் வைப்பரைத் தள்ளுகிறார், இடமிருந்து வலம், வலமிருந்து இடம், என் கண்கள் அதன் கூடப் போகவில்லை, மூடிக்கொண்டன.