ஏரிக்குள் நட்ட முளை

மூன்றாவது முளைக்குச்சியை அடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கரைமேல் ஆட்கள் நிற்பதைச் செங்கல்வராயன் பார்த்தான். சிலர் கையில் கடப்பாரை இருந்தது.

சித்தூர் ஆபீசர் கிளப்பின் கோல்ஃப் மைதானத்துக்கு அவன் மேஸ்திரி. கோடையில் குழிகளைச் சுற்றியிருந்த புல் வேரோடு கருகிவிட்டது. எரு போட்டுப் பார்த்ததில் கோரைதான் கிளம்பியது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அருகம்புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டிவந்து பதித்தால்தான் வேர் இறங்கும். தீபாவளிக்குப் பெரிய ஆபீசர்கள் பந்தாட வருகிறார்கள். அதற்குள் பச்சை தெரியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டார். நகரிக்குக் கிழக்கே இந்த ஏரியின் உட்சரிவில், ஆடு கடித்துக் கடித்துப் பாய்போலப் படர்ந்திருந்த அருகை அவன் முன்பே கண்டுவைத்திருந்தான். வெட்டு நேராக வரவேண்டுமென்று கயிறு கட்டி, முளை அடித்து, சுண்ணாம்புத் தூளால் கோடும் போட்டு, ஒரு வரிசைப் பத்தைகளை வெட்டியும் போட்டிருந்தான். மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கப்போகும் காலத்தில், எல்லையோர ஊரில் கோடு போடுகிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மதகடியில் நிலம் வைத்திருக்கும் ரத்தினம்மா முதலில் இறங்கி வந்தாள்.

"எந்த ஆபீசு நீ?"

"சித்தூர் கிளப்பும்மா. புல்லு எடுக்க வந்தோம்."

"புல்லுக்கு இன்னாத்துக்குயா சுண்ணாம்பு?"

"நேரா வெட்டணும். தொரைங்க பந்து ஆடற எடத்துல பதிக்க."

கரைமேல் ஒருவன் சிரித்தான். "லாரி கொண்டாந்து புல்லு ஏத்திக்கினு போறாராம்! ஏன்யா, உங்க தொரைங்க ஆடுவாங்களா, மேய்வாங்களா?"

சிரிப்பு பரவி, சட்டென்று அடங்கியது. ரத்தினம்மா சிரிக்கவேயில்லை.

"எல்லை பிரிக்க ஆளு வரும்னு சொல்லிக்கினே கீறாங்க. நீ கரையோரம் கோடு போட்டுட்டே. நாங்க மெட்ராஸு, ஏரி ஆந்திராவா? மதவு தொறக்க நாங்க எவனைப் போய்க் கேக்கறது?"

லாரி டிரைவர் கங்கையா இஞ்சினைக் கிளப்பினான். "அன்னா, வெள்ளிபோதாம்," போய்விடலாம் என்று தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொன்னான். உடனே இரண்டு பேர் முன்சக்கரத்தின் எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

"போலாம். கோட்டை மாத்திப் போட்டுட்டுப் போ," என்றாள் ரத்தினம்மா. ஏரியின் கோடியில், எதிர்க்கரைக்குப் பக்கத்தில் நின்ற கருவேலமரத்தைக் காட்டினாள். "அங்க நடு. ஏரி எங்க பக்கம் இருக்கட்டும். அப்புறம் எவ்ளோ வேணா வெட்டிக்க."

"எம்மா, நான் நட்டா அது எல்லை ஆவாது."

"ஆவாதுன்னா நட்டா இன்னா?"

வெட்டிப் போட்ட பத்தைகளின் ஓரம் வெயிலில் சுருள ஆரம்பித்திருந்தது. இன்று ஏற்றாவிட்டால் வீண். குச்சிதானே, நாளைக்கு ஒரு ஆடு இடித்தால் விழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டான். பிறகு முளைகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கருவேலமரத்தை நோக்கி நடந்தான். ஊர் பின்னால் வந்தது.

ஏனோதானோவென்று நட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கை கேட்கவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்து, சுண்ணாம்பைச் சீராகத் தூவினான். நிமிர்ந்து பார்த்தபோது அது சர்க்கார் போட்ட கோடாகவே கிடந்தது. அவனுக்கே பயமாக இருந்தது.

அதன்பின் யாரும் அவனை வேலை செய்ய விடவில்லை. ஆண்கள் வெட்டினார்கள். பெண்கள் பத்தைகளை உடையாமல் தலையில் சுமந்துவந்து லாரியில் அடுக்கி, நனைத்த கோணியைப் போர்த்தினார்கள். ரத்தினம்மா ஒரு சொம்புக் கூழை நீட்டினாள்.

"குடிச்சுட்டுப் போ மேஸ்திரி. எங்க பேச்சையும் மதிச்சே." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "மேல கீற ஆபீசரு இதை மாத்த மாட்டாரே?"

அவன் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"மாத்த மாட்டாரு," என்றான்.

லாரி கரையேறியது. கங்கையா திரும்பியே பார்க்காமல் ஓட்டினான். செங்கல்வராயன் பார்த்தான். எதிர்க்கரை ஊர்க்காரன் ஒருவன் முழங்காலளவு தண்ணீரில் எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கருவேலமரத்தடியில் புதிதாக வெளுத்துக் கிடந்ததைக் கையை நெற்றியில் வைத்துக் கூர்ந்து பார்த்தான். பிறகு எருமைகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் ஊரைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.