தெரு நடுவில் வேப்பங்கன்று

இந்திராணிக்குக் கோபம் வந்தால் ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் போய் வாலாஜாபாத்தில்தான் இறங்கும். எழுபத்து நாலாம் வருஷம் ஆவணி மாசத்தில் ஒரு காலை, அந்தப் புறாக்கள் செங்கல்பட்டையே தாண்டிவிட்டன.

காரணம், தெரு நடுவில் வரிசையாக நின்ற இரும்புக் கூண்டுகள்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவை மெட்ராஸ் சோப்புக் கம்பெனி ஒன்று தத்தெடுத்திருந்தது. ஏழைபாழைகளுக்கும் பூமிக்கும் நல்லது செய்யப் போகிறார்களாம். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி திருஞானசம்பந்தம் ஒரு நாள் உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பார்த்தார். வீட்டுக்கு வீடு எல்லாரும் தறியில் உட்கார்ந்திருந்ததால் தெரு வெறிச்சென்று கிடந்தது. "எவ்வளவு எடம் வீணாப் போகுது!" என்று உருகினார். மறு வாரமே ஆட்களோடு வந்து, நட்ட நடுவில் நேர்கோடாக வேப்பங்கன்றுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் முள்கம்பி சுற்றிய கூண்டும் போட்டுவிட்டார். கன்று அரைச்சாண் உயரம். கூண்டுக்குள் கோயில் யானையையே கட்டலாம். அதன் தலையில் கம்பெனிப் பெயரை எழுதியிருந்த எழுத்தைத் திருப்பருத்திக்குன்றத்தில் நின்றபடியே படிக்கலாம்.

அன்றைக்கு இந்திராணி கூரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் மயில்வாகனம் ஊரில்தான் இருந்தார். மரம் நல்லதுதானே என்று குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியதே அவர்தான்.

அந்தத் தெரு சும்மா கிடப்பது வெயில் ஏறிய பிறகுதான். விடியலில் அங்கேதான் பாவு நீட்டுவார்கள். நெய்யப் போகும் சேலைகளின் நீளவாட்டு நூல்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டிய இழையைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் உறைக்குமுன் சுருட்டிவிட வேண்டும். கோணலாக நீட்ட முடியாது. ஓரமாக நீட்டினால் சாக்கடை.

கூரத்திலிருந்து திரும்பிய மறுநாள் இந்திராணி தன் அரக்கு நிறப் பட்டுப் பாவை நீட்டிப் பார்த்தாள். முதல் கூண்டிலேயே முள்கம்பி பட்டு இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டது. கொத்துக் கொத்தாக அறுந்தது. முகூர்த்தச் சேலைக்கு வந்த பாவு. இந்த வாரம் தறியில் ஏறாவிட்டால் பட்டு கொடுத்த முதலாளி அதைத் திருப்பி வாங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். தறியோடு அடுப்பும் நின்றுவிடும்.

மரங்களுக்குத் திறப்பு விழா நடத்த இடம் பார்க்க வந்த திருஞானசம்பந்தம் நேராக அவளிடம் மாட்டினார்.

"யோவ் கண்ணாடி! யாரைக் கேட்டு நட்ட?"

"மரியாதையா பேசுங்கம்மா. இது பசுமைத் திட்டம். பத்து வருஷத்துல தெருவே நிழலா இருக்கும்."

"பத்து வருஷம் நாங்க இன்னாத்த துன்றது? வேப்பிலையா? பிடுங்கி ஓரமா நடு."

"ஓரமா நட்டா போட்டோவுல விழாது. வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றாரு. ஒண்ணைக்கூட அசைக்கக் கூடாது."

"தத்து எடுத்தீங்களாமே, தத்து! எங்களுக்கு இன்னா அப்பன் ஆத்தா இல்லியா?"

அவர் மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினார். "மரம் வேணாம்னு சொல்றவங்களை இப்பதான் சார் பாக்கறேன்."

மயில்வாகனம் மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மூன்று வேளை உப்பில்லாத ரசம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இந்திராணி தெருக்கோடியில் நின்று கத்தினாள். "நம்ம தெருவுல எடமில்ல. எங்க நேரா, அகலமா ரோடு இருக்குதோ அங்க போவலாம், வாங்க!" கழியும் கயிறும் கஞ்சிப் பானையுமாகத் தெருவே எழுந்து மெயின் ரோட்டுக்குப் போனது. பாவின் ஒரு முனை காஞ்சிபுரத்தில், மறு முனை ஐயம்பேட்டையில். நம்ப முடியவில்லை என்றால் பாதி தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீட்டிய பாவைத் தாண்டிப் போக அந்த ஊரில் யாருக்கும் கால் வராது. சவ ஊர்வலமே சங்கை இறக்கிவிட்டு நிற்கும். செங்கல்பட்டு பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டார். பஸ்ஸுக்குப் பின்னால் டைரக்டரின் கப்பல் கார் வந்து நின்றது.

திருஞானசம்பந்தம் ஓடி வந்தார். கஞ்சி தெறித்து அவர் கறுப்புக் கண்ணாடி வெள்ளைக் கண்ணாடி ஆனது.

"இது பொது ரோடு! நடுவுல இப்படிக் கட்டினா மனுஷன் எப்படிப் போறது?"

"அதைத்தான்யா நானும் கேட்டுக்கினு இருந்தேன்!" என்று இந்திராணி போட்ட சத்தத்தில் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. "நீ எங்க தெருவுல மரம் நட்ட. நாங்க உன் ரோட்டுல பாவு போட்டோம். உனக்கு ஒரு காலையே தாங்கலியே, எங்களுக்கு தெனமும்யா!"

டைரக்டர் கோட்டோடு வியர்த்தபடி இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். பஸ்ஸையும் பார்த்தார், பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த தலைகளையும் பார்த்தார். "சரிம்மா, கன்றை ஓரமா நட்டுக்குங்க" என்றார் பெருந்தன்மையாக. "கூண்டு மட்டும் நடுவுலயே இருக்கட்டும். கம்பெனிப் பேரு தெரியணும் பாருங்க."

இந்திராணி பாவின் பக்கம் திரும்பினாள். பாவு காய்ந்தது. பதமாகச் சுருட்டி மயில்வாகனத்தின் தோளில் ஏற்றினாள். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனாள்.

டைரக்டரின் கார் தெருமுனைக்கு வருவதற்குள் கடைசிக் கூண்டும் பெயர்ந்துவிட்டது. டிரைவர் வாயைத் திறக்குமுன் இந்திராணி டிக்கியைத் திறந்தாள். பெண்கள் வரிசையாக நின்று கூண்டுகளைத் திணித்தார்கள். டிக்கி நிரம்பியது. பின் சீட்டும் நிரம்பியது. டைரக்டரின் மடியிலும் ஒன்று ஏறியது.

"மரம் எங்களுக்கு" என்றாள், கையில் ரத்தம் கசிய. "உன் பேரை நீயே எடுத்துக்கினு போ!"

கார் தகர டப்பா போலச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. கூடவே திருஞானசம்பந்தம் ஓடினார், ஏற இடமில்லாமல்.

வாசல் ஓரங்களில் கன்றுகளை நட்டார்கள். மயில்வாகனம் சிரித்த முகமாகக் குடத்தைத் தூக்கினார்.

"அதைக் கீழ வை" என்றாள் இந்திராணி. கோபம் இன்னும் துளிகூட இறங்கவில்லை. "மொதல்ல பாவைத் தறியில ஏத்துயா. மரம் ஒரு நாழி காத்துக்கினு இருக்கும்."