மடிப்புக்குள் ஒரு வெட்டு

பூக்கடைக்குப் போக இத்தனை ஏற்பாடா என்று அக்கா காலையிலிருந்தே கிண்டல் செய்துகொண்டிருந்தாள். சின்னவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்த பூக்களையெல்லாம் செல்போனில் சேர்த்து வைத்திருந்தாள்; மண்டபத்துச் சுவரின் நிறத்தைக்கூடப் படம் பிடித்திருந்தாள். கடைசியாக அலமாரியைத் திறந்து, கல்யாணத்தன்று உடுத்தப்போகும் பட்டுப்புடவையை உறையோடு எடுத்து, ஒரு பழைய போர்வைக்குள் சுருட்டிப் பையில் திணித்தாள். துணியைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் கடைக்காரம்மா பூவைப் பற்றிப் பேசவே மாட்டாராம்.

போர்வைக்குள் ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. பட்டு மாப்பிள்ளையின் அம்மா கொடுத்தது. உனக்கென்றே சொல்லி நெய்தது, கல்யாணம் வரை உறையைப் பிரிக்காதே என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். பூவையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அவள் இந்தக் கடையின் பேச்சை எடுத்ததும் மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. அங்கே மட்டும் வேண்டாம் என்றான்.

தங்கமான பையன், பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை, ஊரே கண்வைக்கும் சம்பந்தம். போயும் போயும் ஒரு பூக்கடைக்காகவா அவர்களைப் பகைத்துக்கொள்வது என்று அக்கா கேட்டாள். பகைக்க வேண்டாம், போய்விட்டு வந்து வாயைத் திறக்காமல் இருப்போம் என்றாள் சின்னவள். மாப்பிள்ளையின் அந்த முகம் மட்டும் ஏனோ அவள் மனதில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

கடைக்குள் சில்லென்று இருந்தது. வாளி வாளியாகப் பூக்கள், காலடியில் ஈரம், கிள்ளிப்போட்ட தண்டுகளின் பச்சை வாடை. அக்காவின் வாய்க்கு ஓய்வே இல்லை. இவள் கேட்கிற பூ இந்தப் பூமியில் பூக்காது என்று கடைக்காரம்மாவைச் சிரிக்கவைத்துவிட்டாள். கடைக்காரம்மாவும் தன் கதையைச் சொன்னார். எந்தக் கல்யாணத் துணி வந்தாலும், உள்மடிப்பில் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நகமளவு வெட்டி எடுத்துக்கொள்வாராம். அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பூவுக்கு நிறம் பார்ப்பாராம். அதற்கென்று அவர் வைத்திருந்தது, வெட்டினால் ஓரம் பல்பல்லாக விழும் ஒரு கத்தரிக்கோல். நடுவில் ஒரு பல் உடைந்திருந்தது. ராசியான கத்தரி, தூக்கிப்போட மனசு வரவில்லை என்றார்.

பட்டை மேஜைமேல் விரித்து, முனையைப் புரட்டி, கத்தரியைக் கொண்டுபோனவரின் கை அப்படியே நின்றது.

உள்மடிப்பில் ஏற்கெனவே நகமளவு துணியைக் காணோம். ஓரம் பல்பல்லாக இருந்தது. நடுவில் ஒரு பல் மட்டும் இல்லை.

கடைக்காரம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "இதை யாரு குடுத்தாங்க கண்ணு?"

மாப்பிள்ளையின் அம்மா என்றாள் சின்னவள்.

"அந்த வீட்ல எத்தனை பசங்க?"

"அவர் ஒருத்தர்தான்."

கடைக்காரம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பட்டைக் கையால் நீவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "இதை உடுத்தின பொண்ணுக்கு ரெண்டு தடவை பூ கட்டினேன். ஒண்ணு கல்யாணத்துக்கு. அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ளயே இன்னொண்ணு, அவளை எடுத்துட்டுப் போன வண்டிக்கு. மாடியிலேர்ந்து தவறி விழுந்துட்டான்னு சொன்னாங்க."

இது எங்கள் பையனுக்கு முதல் கல்யாணம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதும், அவன் பக்கத்தில் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்ததும் சின்னவளுக்கு நினைவு வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. நேற்றுவரை அந்தச் சிரிப்பை வெட்கம் என்று நினைத்திருந்தாள்.

செல்போன் அடித்தது. அவன்தான். எடுக்காதே என்று அக்கா கையைப் பிடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"உங்க வீட்லதான் இருக்கேன்." அவன் குரல் எப்போதும்போல் தணிவாகவே இருந்தது. "அப்பா காபி குடுத்தார். உன் அலமாரியில பட்டைக் காணோமே. எந்தக் கடையில இருக்கே?"

கடைக்காரம்மா எழுந்துபோய்க் கடையின் ஷட்டரை இழுத்து மூடினார். போனில் அவன் அவளுடைய அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. மாடியைக் கொஞ்சம் காட்டுங்களேன் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.