பலகைக்கு அந்தப் பக்கத்து ஜெபம்

என் தங்கை வீட்டுக்காரனுக்கு நான் வைத்திருந்த பெயர் ‘பார்த்துக்குவார்’. வாடகையா? ஆண்டவர் பார்த்துக்குவார். கூரை ஒழுகுகிறதா? அதையும் அவரே பார்த்துக்குவார். இந்த மகராசனுக்கு எடுபிடி வேலை செய்யத்தான் ஆண்டவர் மேலே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பு.

தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை சுத்தமாக இருக்கும், அதில் பொய் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் பக்தி முற்றியதும் ஒரு சபதம் எடுத்துக்கொண்டான். தேவையை ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்வானாம், மனிதர் யாரிடமும் வாய்திறந்து கேட்க மாட்டானாம். வேலைகூடக் கேட்பதில்லை. மேஸ்திரி தானாகக் கூப்பிட்டால் போவான், இல்லாவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். கண்ணிலேயே படாதவனை எந்த மேஸ்திரி நினைத்துக்கொண்டிருப்பார்?

தங்கைக்கோ பெருமை தாங்காது. முன்பெல்லாம் விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார் என்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூரித்துப்போவாள். தூங்க மாட்டானா பின்னே? அவன் கவலையையும் சேர்த்துப் படத்தான் நான் ஒரு இளிச்சவாய் இருக்கிறேனே.

ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் என் தையல் மெஷினும், அந்தப் பக்கம் அவர்கள். பலகை ஒரு இருமலைக்கூட மறைக்காது. காலையில் அவன் ஜெபம் ஆரம்பிக்கும். எண்ணெய் தீர்ந்துவிட்டது, சோப்பு கரைந்துவிட்டது, பிள்ளையின் பால் பவுடர் நாளைக் காலை வரைதான் வரும் என்று கடைக்காரனிடம் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்பிப்பான். மனிதரிடம் கேட்க மாட்டானாம்! அப்படியானால் என் காது என்ன மாட்டுக் காதா? பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போய் வாங்கிவந்து அவர்கள் வாசலில் வைப்பேன். மறுநாள் ஸ்தோத்திரம் கேட்கும். எனக்கில்லை, மேலே இருப்பவருக்கு. எனக்கு வயிறு பற்றி எரியும்.

இந்த லட்சணத்தில் என் பிழைப்பிலும் மண் விழுந்தது. பள்ளிச் சீருடை தைக்கத் துணி கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர், இனிமேல் ரெடிமேடாகவே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. ஆனாலும் அந்தப் பார்த்துக்குவார் முன்னால் தலைகுனிவதா? வழக்கமான நேரத்துக்கு உட்கார்ந்து, துணியும் இல்லாமல் நூலும் கோக்காமல் வெறும் மெஷினை மிதித்தேன். அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றுதான். கால் வலித்ததுதான் மிச்சம். அவன் ஒப்பித்த சாமான்களையும் கையில் இருந்ததைக் கொண்டு வாங்கி வைத்தேன், அதுவும் தீரும்வரை.

தீர்ந்த பிறகு ஒருநாள் காலை குழந்தை அழுதது. அடம்பிடிக்கிற அழுகை இல்லை, பசி அழுகை. டப்பாவின் அடியைக் கரண்டி சுரண்டுவது கேட்டது. இதோ பால் பவுடர் என்பான், நான் எங்கே போவேன் என்று காலிப் பர்ஸை இன்னொரு தரம் கவிழ்த்துப் பார்த்தேன்.

“ஆண்டவரே, இன்னைக்கு எங்களுக்கு ஒண்ணும் வேணாம். எல்லாம் இருக்கு” என்றான் அவன்.

அடப்பாவி, கேட்கிறவள் நான்தான் என்று தெரிந்தேதான் இத்தனை நாளும் ஒப்பித்தாயா? எழுந்துபோய் அவர்கள் கதவைத் தள்ளினேன். ஆண்டவரிடமே பொய் சொல்கிறாயே, டப்பாவைக் காட்டு என்று கத்தினேன். தங்கைதான் பேசினாள்.

“துணி இல்லாம ஓடுற மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதாக்கா? ஒரு தையல் முடிஞ்சு துணியைத் திருப்புறதுக்காவது நிக்கணும்ல? உன்னோடது நிக்காமலே ஓடுது. நேத்து ராத்திரி நான்தான் இவர்கிட்ட சொன்னேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, மேஸ்திரி வீட்டுக்குப் போய் வேலையும் கொஞ்சம் முன்பணமும் கேட்டுவருவதாக முணுமுணுத்தான். சபதம் என்னாவது என்று தங்கை பதறினாள்.

“எனக்குன்னு யார்கிட்டயும் கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன்” என்றான். “அக்காவுக்குக் கேக்க மாட்டேன்னு சொல்லலையே.”

போய்விட்டான். நான் குழந்தையை வாங்கி, சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியில் புகட்டினேன். பெற்ற பிள்ளை பசியில் கத்தியும் எழும்பாத கால், பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்காக எழும்பியிருக்கிறது. இவனும் ஒரு அப்பனா என்று திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அதுவும் தங்கையின் முன்னால். அதற்காகவே அவனை நான் மன்னிக்கப்போவதில்லை.