சிதம்பரத்தில் நெப்டியூன்

"சூரியன்லேர்ந்து கடைசி ஆளு வரைக்கும் எவ்ளோ ஒயர் இழுக்கணும்? அதை மட்டும் சொல்லு," என்றான் ஆரோக்கிய ஜெகன்.

கடலூர் செம்மண்டலத்தில் மைக் செட், சீரியல் விளக்குக் கடை வைத்திருப்பவன். தேர்பவனியோ கல்யாணமோ, அவனுக்கு முதல் கேள்வி ஒயர் நீளம்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

அவன் மனைவி மேரி ஷாலினிக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவில்லை.

மறுநாள் சிதம்பரத்தில் போட்டி. 2009, வானியல் ஆண்டு. அறிவியல் ஆசிரியர்கள் சூரியக் குடும்பத்தின் மாதிரியைச் சரியான விகிதத்தில் செய்து கொண்டுவர வேண்டும். ஷாலினி, மாதா கோயில் நடத்தும் பங்குப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. படித்தது விலங்கியல். தலைமையாசிரியை சிஸ்டர் பாத்திமா மேரி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "ஷீல்டோட வா. உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே ஃபாதர்கிட்டப் பேசுறேன். வெறுங்கையோட வந்தா எனக்குப் பேச வாய் இருக்காதும்மா."

தெர்மோகோலில் உருண்டைகளை அவளே செதுக்கினாள். பூமி, உரித்த தேங்காய் அளவு. சூரியனுக்கு, மாதா தேரின் பின்னால் சுற்றும் விளக்குச் சக்கரம். மற்றதை ஜெகன் தேருக்குச் செய்கிற வழக்கப்படி செய்துவிட்டான். அகலம் தெருவுக்குள் அடங்க வேண்டும், உயரம் கரண்டு கம்பிக்குக் கீழே அடங்க வேண்டும். எட்டுக் கோள்களும் ஒரு பலகையில் அடங்கிவிட்டன.

"ஒம்போது இல்ல?"

"புளூட்டோவை எடுத்துட்டாங்க மாமா. மூணு வருஷம் ஆச்சு."

"எடுத்துட்டாங்களா? யாரைக் கேட்டு எடுத்தாங்க?"

"ஓட்டுப் போட்டு எடுத்தாங்க."

"அங்கயும் எலக்சனா? சரி, ஒயர் சொல்லு."

ஒயர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் அவள் கணக்குப் போட்டாள். பூமியின் குறுக்களவு ஏறக்குறைய பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். தேங்காய் பன்னிரண்டே முக்கால் சென்டிமீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டர். சுலபமான கணக்கு. சூரியன் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

விடையைப் பார்த்தாள். அடித்தாள். திரும்பப் போட்டாள். அதே விடை.

"ஒன்றரை கிலோமீட்டர்," என்றாள்.

"என்னது?"

"இந்தப் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல."

ஜெகன் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தான். "புள்ளி எங்கியாவது தப்பா வச்சிருப்ப."

புள்ளி சரியாகத்தான் இருந்தது. சூரியன் பதினான்கு மீட்டர். நான்கு மாடிக் கட்டடம். வியாழன், ஏழாவது படிக்கும் பெண்ணின் உயரம். கடைசியில் நெப்டியூன்.

"நாற்பத்தஞ்சு கிலோமீட்டர் மாமா."

"இங்கேர்ந்து நாற்பத்தஞ்சுன்னா..."

"சிதம்பரம்."

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். கை அகலத்துக்கு ஒன்றாக எட்டு உருண்டைகள், தேரில் பூ வைத்தாற்போல. பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் இருந்தது. வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் படத்திலும் இப்படித்தான். நான்கு வருஷமாக அதைக் குச்சியால் தொட்டுத் தொட்டு நடத்தியிருக்கிறாள். நடுவிலிருந்த காலி இடத்தை யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பூமியைச் சின்னதாக்கு. தீர்ந்துது."

"கடுகளவு வச்சாலும் கடைசி ஆளு அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ள. அவுங்க தர்றது ஒரு மேசை. மேசைக்குள்ள வைக்கணும்னா பூமி கண்ணுக்கே தெரியாது."

"அப்போ இந்தப் போட்டியில யாருமே சரியாச் செய்ய முடியாது?"

"முடியாது."

"நல்லதாப் போச்சு. எல்லாரும் தப்பாத்தான் கொண்டாருவாங்க. நீயும் கொண்டு போ. வாயை மட்டும் மூடிக்கிட்டு நில்லு."

காலையில் டாடா ஏஸில் பலகையை ஏற்றிக் கட்டினார்கள். செம்மண்டலத்தில் சூரியன். வண்டி ஓட்டம் பிடிப்பதற்குள் பூமி போய்விட்டது. செவ்வாயும் போய்விட்டது. முதுநகர் தாண்டிய பிறகுதான் வியாழன். சிப்காட் தாண்டிச் சனி. பிறகு எதுவும் வரவில்லை. உப்பங்கழி, சவுக்கு, வயல், மறுபடி சவுக்கு. அவள் கிலோமீட்டர் கல்லையே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச்சத்திரம் பக்கம் யுரேனஸ். அப்புறமும் சாலை போய்க்கொண்டே இருந்தது.

"பேயறஞ்ச மாதிரி ஏன் உக்காந்திருக்க?"

"இவ்ளோ தூரத்துலயும் மொத்தமே எட்டு உருண்டை மாமா. நம்ம குடோன்ல எல்லாத்தையும் அடுக்கிடலாம். மிச்சமெல்லாம் காலி."

ஜெகன் கொஞ்ச தூரம் போனபின் வேகத்தைக் குறைத்தான், ஏதோ குறுக்கே வந்ததுபோல. சாலையில் ஒன்றும் இல்லை.

சிதம்பரத்தில் பள்ளி மண்டபம் ஒன்றில் வரிசையாக மேசைகள். எல்லா மேசையிலும் அதே பலகை, அதே உருண்டைகள். நடுவர் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் இயற்பியல் பேராசிரியர் கோவிந்தசாமி. ஷாலினியின் மேசைக்கு வந்ததும் விளக்குச் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பிரமாதமாச் சுத்துதே. என்ன ஸ்கேல்?"

பொய் வாயில் தயாராக இருந்தது. பக்கத்து மேசைக்காரி சொன்னதையே சொல்லியிருக்கலாம். சிஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே அந்தச் சாலையும்.

"ஸ்கேல் இல்ல சார். இது தப்பு. இங்க இருக்கிற எல்லாமே தப்பு."

ஜெகன் பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தான். அவள் நிறுத்தவில்லை. தேங்காயில் தொடங்கிச் சொன்னாள். சூரியன் கடலூரில். நாம் நிற்கிற இந்த இடம் நெப்டியூன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோவிந்தசாமி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இதே கணக்குல அடுத்த நட்சத்திரத்தை எங்கம்மா வைப்ப? சென்னையா? டெல்லியா?"

அதை அவள் போட்டுப் பார்க்கவில்லை. நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டர் என்று மட்டும் தெரியும். உள்ளங்கையில் விரலால் சுழித்தாள். சுழியங்களை அடித்தாள். நான்கு லட்சம் கிலோமீட்டர். டெல்லி தாண்டி, கடல் தாண்டி, பூமியையே பத்துத் தடவை சுற்றினால்தான் தீரும்.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறாள்.

"சார்..." உள்ளங்கையை மூடினாள். "நிலா இருக்கிற தூரம் சார். நிசமான நிலா."

கோவிந்தசாமி வாய்க்குள் கணக்குப் போட்டார். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன்," என்றார்.

ஷீல்டு வேறு பள்ளிக்குப் போனது. அந்தப் பலகையில் புளூட்டோவும் இருந்தது. தன் மாடலே தப்பு என்று சொன்னவருக்கு எப்படிக் கொடுப்பது என்று மற்ற இரண்டு நடுவர்களும் கேட்டார்களாம்.

பலகையை வண்டியில் ஏற்றும்போது செல்போன் அடித்தது. சிஸ்டர்.

"உன் மாடலை நீயே தப்புன்னு சொன்னியாமே? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இனிமே ஃபாதர்கிட்ட நான் எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

ஷாலினி நடந்ததைச் சொன்னாள். மறுமுனை வைத்துவிட்டது.

"போச்சு," என்றான் ஜெகன். "அடுத்த வருஷம் என்கூட சீரியல் கட்ட வா."

வண்டியைக் கிளப்புமுன் மறுபடி அடித்தது.

"நிலான்னா சொன்ன?" சிஸ்டரின் குரல் இறங்கியிருந்தது. "ஃபாதர் பக்கத்துலதான் இருக்காரு. நம்ப மாட்டேங்கறாரு. இரு, தர்றேன்."

தாளாளர் ஃபாதர் ஞானராஜ். அவளோடு அவர் பேசுவது இதுவே முதல் தடவை.

"ஏம்மா, சூரியன் நம்ம ஊர்ல. கடைசிக் கோள் சிதம்பரத்துல. சரியா?"

"ஆமா ஃபாதர்."

"அதுக்கப்புறம் நிலா வரைக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"தூசி, பனிக்கட்டி. அதுவும் அங்கொண்ணு இங்கொண்ணு. வேற ஒண்ணுமில்ல ஃபாதர்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

ஃபாதர் தாளைப் புரட்டுவது கேட்டது. பின்னால் சிஸ்டர் ஏதோ கேட்டார்.

"திங்கக்கிழமை என் ரூமுக்கு வாம்மா," என்றார் ஃபாதர். "எனக்கு அதைப் போட்டுக் காட்டு."

போனை மடியில் வைத்தாள்.

"ஃபாதரா?" ஜெகன் சாவியைத் திருகாமல் அவளையே பார்த்தான். "நேரா அவருகிட்டயே பேசிட்டியே! வேலையைக் கேட்டியா?"

ஷாலினி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் மாமா."