மயிலாள் வெளியே வரவும்

அந்தக் கட்டடத்தில் நூல் கோன் கை தவறி விழுந்தால் நிற்காது. தானாக உருண்டுபோய் எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரில்தான் முட்டும். பனியன் கம்பெனி ஆவதற்கு முன்னால் அது வீரபாண்டிப் பக்கத்துச் சினிமாக் கொட்டகை. ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த படங்கள் கடைசியாக வந்து சேருகிற இடம். தரை டிக்கெட் அறுபது பைசா. கொட்டகையை மூடி மூன்று வருஷமாகிறது. திரை இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை அப்படியே இருந்தது. தரையின் சரிவையும் யாரும் சமன் செய்யவில்லை.

மயிலாளுக்கு அங்கே செக்கிங்கில் வேலை. தைத்து வரும் பனியனில் பிசிர் வெட்டி, ஓட்டை பார்த்து அடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலைதான். அவளால்தான் உட்கார முடியவில்லை.

வாசலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடுவாள். அந்தக் கம்பெனியில் மூன்று மயிலாள்கள். ஒருத்திக்குப் புருஷன் சோறு கொண்டு வருவான். இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும். இவளுக்கு யாரும் வருவதில்லை. ஆனாலும் முதலில் ஓடுவது இவள்தான்.

"உக்கார்ற எடத்துல முள்ளு கிள்ளு இருக்குதுங்களா?" என்றார் சூப்பர்வைசர் செங்கோட்டையன். "நாளைக்கு ஷிப்மென்ட். இன்னொருவாட்டி எந்திரிச்சீங்கன்னா அப்படியே ஊட்டுக்குப் போயிருங்க."

"இல்லீங்க. எந்திரிக்கலீங்க."

பக்கத்தில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த உசிலம்பட்டி ராமுத்தாய் சிரித்தாள். "எந்த மகராசன் வரப்போறான்னு இப்பிடிப் பறக்குறவ?"

மயிலாள் எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

எட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து படம் பார்த்தாள். அப்போது இது பெண்கள் பக்கம். கோயிலுக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லியிருந்தாள்; அண்ணனுக்கு மட்டும் தெரியும். பாதிப் படத்தில், அழுகிற கதாநாயகியின் முகத்தின் மேல் எழுத்து வந்தது: 'மயிலாள் வெளியே வரவும்.'

ஆளைத் தேடி யாராவது வாசலுக்கு வந்தால், ஆபரேட்டர் கரி பிடித்த கண்ணாடியில் குச்சியால் பேரைக் கீறித் திரையில் காட்டுவார். அன்று பெண்கள் பக்கம் இருந்து இரண்டு மயிலாள்கள் எழுந்து போனார்கள். "எங்களை இல்லியாமா" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்தார்கள். அப்பன்தான் தேடி வந்துவிட்டார் என்று இவள் நினைத்தாள். தாவணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். எழுத்து மறுபடியும் வந்தது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் வெள்ளையன் இல்லை. வேற்றுச் சாதிப் பெண்ணைக் கட்டுவேன் என்று சொன்னதற்காக அப்பன் அவனை அன்று துரத்தியிருந்தார். வீட்டில் அவனுக்காகப் பேசியவள் மயிலாள் ஒருத்திதான். அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. அப்பன் செத்ததற்கும் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்று, வாட்ச்மேன் அங்கமுத்துவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பழைய ஆபரேட்டர். அன்றைக்குக் கூப்பிட்டது யார் என்று கேட்டேவிட்டாள்.

"ஞாபகமிருக்குது கண்ணு. தகரப்பெட்டியோட நின்னாப்ல. 'வெள்ளையன் தங்கச்சி மயிலாள்'னு போடச் சொன்னாப்ல. கண்ணாடி சிறுசு, எடம் பத்தல. பேரை மட்டும் போட்டுட்டேன். இடைவேளை வரைக்கும் பாத்துட்டு, 'அவளும் என்னை வேண்டாம்னுட்டாளாட்ட இருக்குது'ன்னு போயிட்டாப்ல."

அன்றிலிருந்துதான் அவளால் உட்கார முடியவில்லை.

மணி மூன்றே கால் இருக்கும். ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சலைத் தாண்டி வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மயிலாள்!"

செங்கோட்டையன் இவளையே பார்த்தார். இவள் கத்திரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மற்ற இரண்டு பேரும் போனார்கள். வந்தார்கள்.

"நம்மளை இல்லியாமா. ஆரோ தாடிக்காரரு."

மயிலாள் எழுந்தாள். மடியிலிருந்த பனியன்கள் சரிந்தன.

"ஆருன்னு தெரியுங்களா?" என்று செங்கோட்டையன் குறுக்கே வந்தார்.

"தெரியாதுங்க."

"தெரியாத ஆளுக்கா வேலையை விடறீங்க?"

"ஆமாங்க."

அதற்குள் ராமுத்தாய் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், அங்க பாரு."

வெள்ளைச் சுவருக்கு முன்னால், கறுப்புப் பட்டைக்கு நடுவே, அங்கமுத்து ஏற்றுமதிப் பெட்டியின் அட்டை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பெட்டிக்கு நம்பர் போடுகிற மையில், கொட்டை எழுத்தில்: 'வெள்ளையன் தங்கச்சி மயிலாள் உடனே வெளியே வரவும்.'

"ஷிப்மென்ட் நேரத்துல உள்ள வந்து பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கறேனில்லீங்க?" என்று செங்கோட்டையன் கத்தினார்.

"நான் எங்கீங்க பேசுனேன்?" என்றார் அங்கமுத்து, அட்டையை இறக்காமல். "ஊர்ல விசாரிச்சுட்டு வந்திருக்கறாப்ல, சீக்கிரம் போ கண்ணு. பத்து நிமிசம் பாத்துட்டு பஸ் ஏறிருவேன்னு நிக்கறாப்ல."

மயிலாள் தரைச் சரிவில் மேலேறி வாசலுக்கு ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே அவன் பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றிருந்தான். தாடி நரைத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"படம் முடிஞ்சுதா கண்ணு?" என்றான்.

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். மூன்றரை பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை, அது போய்விட்டது.

"மயிலாள்! அந்தக் கத்திரியைக் குடுத்துட்டுப் போங்க!" என்று உள்ளேயிருந்து செங்கோட்டையனின் குரல் வந்தது.

அந்த ஒரு கூப்பாட்டுக்கு மட்டும் அவள் திரும்பவில்லை.